தடுப்பாட்டம் கோழைத்தனமா?

(மணி அடிச்சா ஓடிடாதீங்க. மத்தியானம் வந்து மீதியைப் படிங்க!)

போன மாசம் நம்ம பள்ளி ரோபோ அணி பக்கத்து மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் நடந்த ரோபோ கால்பந்துப் போட்டிக்குப் போய் இரண்டாம் பரிசு வாங்கி வந்தது எல்லாருக்கும் தெரியும். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் கைதட்டினீங்க, ரொம்ப நன்றி. ஆனா அன்னிக்குச் சாயங்காலமே சைக்கிள் ஸ்டாண்டில் என் காதுபட ஒருத்தர் சொன்னது: "ஆடியா ஜெயிச்சானுங்க? பெரிய கோவில் நந்தி மாதிரி குறுக்க நின்னுல்ல ஜெயிச்சானுங்க!"

சொன்னவர் பேரை எழுத மாட்டேன். அவர் சொன்னது பாதி உண்மை. நாங்க குறுக்கேதான் நின்னோம். இப்ப விஷயம் என்னன்னா, அடுத்த அறிவியல் மன்றக் கூட்டத்தில் "இனி நம் பள்ளி அணி தடுப்பாட்டம் ஆடாது" என்று ஒரு தீர்மானம் வரப்போகிறது. கொண்டு வருவது வெளியாள் இல்லை, எங்க அணியிலேயே இருக்கிற பத்தாம் வகுப்புத் தங்கச்சி. அவள் கேட்கும் கேள்வி நியாயமான கேள்வி. அதற்குப் பின்னால் வருகிறேன். நான் அந்தத் தீர்மானத்தை எதிர்க்கப் போகிறேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தத் தாள்.

முதலில் எங்க ரோபோ எப்படிப்பட்டதுன்னு தெரிஞ்சுக்கோங்க. ஒரு அணிக்கு இரண்டு ரோபோ. ரிமோட்டில் ஓட்டுவது. நம்ம இரண்டிலும் இருப்பது நிமிடத்துக்கு 100 சுற்று சுற்றும் மோட்டார். பழைய புராஜெக்டில் இருந்து கழற்றினது. சக்கரத்தின் விட்டம் 7 செ.மீ. சுற்றளவு சுமார் 22 செ.மீ. ஆக விநாடிக்கு 37 செ.மீ.தான் நகரும். எதிரணிகளில் பாதிப் பேர் 300 சுற்று மோட்டார் வச்சிருந்தாங்க. நம்மைப் போல மூன்று மடங்கு வேகம். பந்தைத் துரத்திப் போனா நமக்குக் கிடைப்பது அவங்க போன தடம் மட்டும்தான். முதல் ஆட்டத்தில் அப்படித்தான் துரத்தினோம். 4-0. (இதை வழிபாட்டுக் கூட்டத்தில் யாரும் சொல்லலை!) நல்ல வேளை, அது லீக் ஆட்டம். பிழைச்சோம்.

சாப்பாட்டு இடைவேளையில் புளிசாதப் பொட்டலத்தைப் பிரிச்சு வச்சுக்கிட்டு கணக்குப் போட்டோம். கோல் வாசல் அகலம் 60 செ.மீ. நம்ம ரோபோ நீளம் 30 செ.மீ. வாசலுக்கு நடுவில் நின்னா, இந்தப் பக்கம் 15, அந்தப் பக்கம் 15. அவ்வளவுதான் திறந்த இடம். அந்த 15 செ.மீ. நகர நம்ம நத்தைக்குக்கூட அரை விநாடி ஆகாது! ஆனா எதிரி ரோபோ இந்தக் கோணத்தில் இருந்து அந்தக் கோணத்துக்கு மாறணும்னா மூணு அடி, நாலு அடி சுத்தி வரணும். வாசல்கிட்ட நிக்கிறவனுக்கு தூரம் குறைவு, வெளியே ஓடுறவனுக்கு அதிகம். இதுல வேகமெல்லாம் இரண்டாம் பட்சம். ஒன்பதாம் வகுப்பு வட்டத்தின் வில் பாடத்தை நான் முதல்முறையா ஒழுங்கா புரிஞ்சுக்கிட்டது அந்தப் பொட்டலத்து இலை மேலதான். கணக்கு சார் மன்னிக்கணும்.

அப்புறம் ரோபோவைப் பக்கவாட்டில் திருப்பினோம். வாசலைப் பார்த்து நிக்காமல் கோல் கோட்டோடு கோடா நின்னா, முன்னே பின்னே ஓட்டினாலே வாசல் முழுக்கக் காக்கலாம், திரும்பவே வேண்டாம். திரும்பறதுக்குத்தான் நேரம் பிடிக்கும். இன்னொண்ணு, ரப்பர் சக்கரம் உருளும் திசையில் தள்ளினா ஓடும், குறுக்கே தள்ளினா சுலபத்தில் நகராது. எடை வரம்பு 3 கிலோ, நம்மது 2.1. போட்டி அலுவலரிடம் கேட்டுக்கிட்டு 800 கிராம் இரும்புப் பட்டையைக் கட்டினோம். அதுக்கப்புறம் மூணு ஆட்டத்தில் நமக்கு எதிரா ஒரு கோல்கூட விழலை.

இதுல கோழைத்தனம் எங்கே இருக்கு? பி.இ.டி. சார் கபடி சொல்லிக் கொடுக்கும்போது பாதி நேரம் எதைச் சொல்லிக் கொடுக்கிறார்? பிடிக்கத்தானே! ரெய்டு போறவன் 30 விநாடி பாடுவான். எதிரே இருக்கிற ஏழு பேரும் தடுப்பாளர்தான். மூணு பேரோ அதுக்கும் குறைவாவோ இருக்கும்போது பிடிச்சுட்டா 'சூப்பர் டேக்கிள்'னு கூடுதலா ஒரு பாயிண்டே தர்றாங்க. ஆள் குறைஞ்ச அணிக்கு விதியே கை கொடுக்குது. திராவிடை 'சுவர்'னு கொண்டாடினவங்கதானே நாம? (சுவரில் ஒட்டும் இதழில் இதைச் சொல்லாம விட முடியுமா!) மனுஷன் தடுத்தா வீரம், மோட்டார் தடுத்தா கேவலமா?

பெரிய போட்டிகளில் என்ன செய்றாங்கன்னு இயற்பியல் சாரோட உட்கார்ந்து கம்ப்யூட்டர் அறையில் விதிப்புத்தகங்களைப் படிச்சேன். அமெரிக்காவில் 1992-லிருந்து உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு 'ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் காம்பெட்டிஷன்' நடக்குது. டீன் கேமன் என்கிற கண்டுபிடிப்பாளர் தொடங்கிய அமைப்பு நடத்துவது. மும்பையிலிருந்து 'ஆர் ஃபேக்டர்' என்ற மாணவர் அணியெல்லாம் அதில் ஆடியிருக்கு. ரோபோ ஒண்ணு ஐம்பது கிலோவுக்கு மேல! 2024 விதிப்படி 125 பவுண்டு வரை போகலாம், பேட்டரியும் பம்பரும் தனி. மூணு ரோபோ ஒரு பக்கம், மூணு ரோபோ எதிர்ப்பக்கம். அந்த வருஷம் இரண்டரை நிமிட ஆட்டம். ஒட்டுப்பலகை, நுரைக்குழாய், மேலே துணின்னு பம்பர் கட்டணும்னு அந்த வருஷ விதி. ஏன்? இடிக்கத்தான் செய்வாங்கன்னு தெரிஞ்சுதான். தடுப்பு அங்கே ஆட்டத்தின் ஒரு பகுதி.

அங்கே தடுப்புக்கும் ஒரு கணக்கு இருக்கு. 2024 ஆட்டத்தில் தானா ஓடும் முதல் 15 விநாடி போக, ஓட்டுநர் கையில் 135 விநாடி. நல்ல ரோபோ ஒண்ணு பொருளை எடுத்து, கொண்டு போய், போட்டுட்டுத் திரும்ப 15 விநாடி எடுக்குதுன்னு வச்சுக்குவோம். 9 தடவை போடும். நாம குறுக்கே போய் ஒவ்வொரு தடவையும் வெறும் 5 விநாடி தாமதப்படுத்தினா? 20 விநாடிக்கு ஒண்ணு, 6 தடவைதான் முழுசா முடியும். மூணு போச்சு! ஒரு தடவைகூட முழுசா நிறுத்தலை, கொஞ்சம் சுத்திப் போக வச்சோம், அவ்வளவுதான். ஆனா நம்ம ரோபோ அந்த நேரத்தில் தானே மூணு தடவை போடக்கூடியதுன்னா இந்தத் தடுப்பால் ஒரு லாபமும் இல்லை. இரண்டு தடவைதான் போடும்னா தடுப்புதான் சரி. அதாவது அணியில் எது மெதுவான ரோபோவோ அதுதான் தடுக்கப் போகணும், எதிரணியில் எது கெட்டிக்கார ரோபோவோ அதைத்தான் தடுக்கணும். அதிலும் ஒரு ஃபவுல் வாங்கினா சேமிச்ச புள்ளி எதிரிக்கே போயிடும். இவ்வளவு யோசிச்சுச் செய்யற வேலையை 'சும்மா குறுக்க நிக்கிறது'ன்னு சொல்றீங்களே!

இந்த இடத்தில் எங்க தாத்தா சொன்னது ஞாபகம் வருது. கல்லணையைக் காட்டி ஒருமுறை கேட்டார், "கரிகாலன் ஆத்தை நிறுத்தினானா, திருப்பினானா?" நான் நிறுத்தினான்னேன். தலையில் குட்டினார். வெள்ளம் வந்தா அது கொள்ளிடம் பக்கம் போகுது, பாசனத்துக்குக் காவிரி, வெண்ணாறு, புது ஆறுன்னு பிரியுது. நிறுத்தப் பார்த்திருந்தா அணைதான் போயிருக்கும். எதிரி ரோபோவைத் தடுக்கிறதும் அப்படித்தான். முட்டி நிறுத்தப் பார்த்தா நம்ம கியர் பல்லுதான் உடையும். அவன் நினைச்ச வழியில் போக விடாமல் நீள வழிக்குத் தள்ளணும்.

தடுப்பே இல்லாமல் ஆடினா எப்படி இருக்கும்? அதையும் பார்த்துட்டாங்க. அதே ஃபர்ஸ்ட் போட்டியில் 2015-இல் 'ரீசைக்கிள் ரஷ்' என்று ஒரு ஆட்டம். இந்த அணி இந்தப் பாதியில், அந்த அணி அந்தப் பாதியில் பெட்டிகளை அடுக்கணும். ஒருத்தர் பக்கம் ஒருத்தர் போகவே முடியாது. பம்பர்கூட வேண்டாம்னுட்டாங்க. சண்டை ஓய்ந்ததான்னு பார்த்தா, இல்லை! மைதானத்து நடுமேடையில் இரு அணிக்கும் பொதுவா நாலு குப்பைத்தொட்டி வச்சிருந்தாங்க. யார் முதலில் எடுத்தாலும் அவங்களுக்கு. பெரிய அணிகள் ஆட்டம் தொடங்கின கண் இமைக்கும் நேரத்தில் அதைக் கவ்வி இழுக்கிற கைகளைச் செய்து மாட்டிட்டாங்க. எதிரிக்குக் கிடைக்காம செய்றதும் தடுப்புதானே! வாசல் வழியா விடலைன்னா கொல்லை வழியா வந்துடுச்சு.

நம்ம நாட்டிலேயே ஒரு அழகான உதாரணம் இருக்கு. கல்லூரி மாணவர்களுக்கான ஆசிய பசிபிக் 'ரோபோகான்' 2022-இல் புது டெல்லியில் நடந்தது. அதற்கு எடுத்துக்கொண்ட விளையாட்டு என்ன தெரியுமா? 'லகோரி'. நாம தெருவில் ஆடுற ஏழு கல்லுதான்! அடுக்கைப் பந்தால் கலைக்கணும், திரும்ப அடுக்கணும். அடுக்குகிற ரோபோவின் தலையில் ஒரு பந்து இருக்கும். எதிரணி ரோபோ தூரத்தில் நின்னு பந்தெறிஞ்சு அந்தத் தலைப்பந்தைத் தட்டிவிடணும். ரோபோவை ரோபோ இடிக்காமல் ஒரு தடுப்பாட்டம். இதைப் படிச்சப்போ எனக்கு ஒரே பொறாமை.

சரி, இப்ப தங்கச்சியோட கேள்விக்கு வர்றேன். இதைத் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தேன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்.

அரையிறுதி. எதிரணியில் ஒரு ரோபோவை ஓட்டினது ஒன்பதாவது படிக்கிற ஒரு பொண்ணு. அருமையா ஓட்டினாள். ஆட்டம் 0-0. கடைசி நிமிஷத்துக்குக் கொஞ்சம் முன்னாடி அவள் ரோபோ பந்தைத் தேடி மூலைக்கு வந்தது. நம்ம ரோபோ ஒண்ணு பின்னாடியே போய் மூலையோடு அதை அழுத்திப் பிடிச்சது. பந்து அங்கே இல்லை, உருண்டு நடுவுக்குப் போயிடுச்சு. ஆனாலும் நம்ம ரோபோ விடலை. நாற்பது விநாடி இருக்கும். அவள் முன்னே பின்னே முறுக்கிப் பார்த்தாள். சக்கரம் சுத்தலை. சுத்த முடியாத மோட்டாருக்குள் மின்சாரம் போய்க்கிட்டே இருந்தா என்ன ஆகும்னு பதினொண்ணாவது படிக்கிற எனக்குத் தெரியும். ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு கரண்டை அது இழுக்கும். அவங்க மாட்டியிருந்தது எல்298 டிரைவர், ஒரு பக்கத்துக்கு 2 ஆம்பியர்தான் தாங்கும். அந்தப் போர்டு நம்மகிட்டயும் இருக்கு. மெல்லிசா ஒரு புகை. அந்த நேரத்தில் நம்ம இன்னொரு ரோபோ பந்தைத் தள்ளிட்டுப் போய் கோல் போட்டது. 1-0.

அந்த ரிமோட்டைப் பிடிச்சிருந்தது நான்தான்.

நடுவரிடம் அவங்க முறையிட்டாங்க. ஒரு பக்க விதித்தாளில் 'வேண்டுமென்றே சேதப்படுத்தக் கூடாது' என்று மட்டும் இருந்தது. அழுத்துவது சேதம் இல்லைன்னு தீர்ப்பு நம்ம பக்கம் வந்தது. அந்தப் பொண்ணு அழுததை நான் பார்க்கலை. பார்த்தது தங்கச்சிதான். திரும்பி வரும்போது பஸ்ஸில், நீடாமங்கலம் தாண்டுற வரைக்கும் ஒண்ணும் பேசாமல் வந்தவள், அப்புறம் கேட்டாள்: "அண்ணே, நாம வாசலைக் காத்தோமா, இல்ல அவங்க மோட்டாரைப் பொசுக்கினோமா?"

எனக்குப் பதில் வரலை. இறுதி ஆட்டத்தில் 2-0 தோத்தோம். அவங்க ஒரு ரோபோவை விட்டு நம்ம காவலைப் பக்கத்துக்கு இழுத்துட்டு, இன்னொண்ணுக்குப் பந்தைத் தள்ளி விட்டாங்க. சுத்தமான ஆட்டம். ஆனா மனசில் நிக்கிறது அந்தத் தோல்வி இல்லை, முந்தின வெற்றிதான்.

தங்கச்சி சொல்றது, "அதனாலதான் தடுப்பே வேண்டாங்கறேன். ஒண்ணை விட்டா இன்னொண்ணு வந்துடும்." இங்கேதான் நான் அவளோடு முரண்படுறேன். கபடியில் ஒருத்தன் குரல்வளையைப் பிடிச்சான்னா பிடியையே தடை பண்ணுவோமா? அவனை வெளியே அனுப்புவோம், அடுத்த பிடியைப் பார்ப்போம். ஃபர்ஸ்ட் விதிப்புத்தகத்தில் பல வருஷமா இருந்த விதி ரொம்ப எளிசானது. எதிராளியை அசைய விடாமல் பிடிச்சா 5 விநாடிதான். அப்புறம் 6 அடி விலகணும், 3 விநாடி விட்டு வைக்கணும். கவிழ்க்கக் கூடாது, ஒருத்தர் பாகத்தில் ஒருத்தர் கொக்கி போடக் கூடாது. ரோபோகப் ஜூனியர் கால்பந்தில் இன்னொரு விதி உண்டு. ஒரே அணியின் இரண்டு ரோபோவும் தன் வாசல் கட்டத்துக்குள்ளேயே நின்னு ஆட்டத்தை மறிச்சா, பந்துக்குத் தூரமா இருக்கிறதை எடுத்து வெளியே வச்சிடுவாங்க. இந்த விதிகள் தடுப்பை ஒழிக்கலை. எதுவரைக்கும்னு கோடு போட்டிருக்கு.

அன்னிக்கு விதித்தாளில் அந்தக் கோடு இல்லை என்பதை நான் சாக்காகச் சொல்லிட்டு இருந்தேன். இயற்பியல் சார்தான் கேட்டார், "ஏம்ப்பா, வாய்க்கால்ல முறைத்தண்ணி உன் வயலுக்கு வர்ற அன்னிக்கு நீ மடையைத் திறந்துக்கலாம். பக்கத்து வயக்காரன் மடையில கல்லைப் போட்டு அடைக்கலாமா? அதுக்கு எழுதின விதி எங்க இருக்கு?" டெல்டாவில் பிறந்தவனுக்கு இதுக்கு மேல விளக்கம் வேணுமா?

ஆனாலும் தடுப்பை நான் விடச் சொல்லாததுக்கு ஒரு முக்கியக் காரணம் இருக்கு, அதை மன்றக் கூட்டத்திலும் சொல்வேன். தடுப்பை எடுத்துட்டா மிச்சம் இருப்பது வேகம். வேகம் எங்கே கிடைக்கும்? கடையில் கிடைக்கும். 300 சுற்று மோட்டார் நாலு வாங்கினவன் ஜெயிச்சான், 100 சுற்றைப் பழைய புராஜெக்டில் கழற்றினவன் தோத்தான். மோட்டார் பெட்டியைத் திறக்கும்போதே ரிசல்ட் எழுதிடலாம், எதுக்கு பஸ் ஏறிப் போகணும்? நம்ம பள்ளி மாதிரிப் பள்ளிகள் அந்த மேடையில் நிக்கறதுக்கு இருக்கிற ஒரே வழி, எங்கே நிக்கணும்னு யோசிக்கிறதுதான். அந்த வழியையும் நாமளே நல்ல பிள்ளைன்னு பேர் வாங்க அடைச்சுக்கணுமா?

என் யோசனை இதுதான். தீர்மானத்தைத் திருத்துவோம். 'தடுப்பாட்டம் ஆடாது' என்பதை எடுத்துட்டு, போட்டி நடத்துறவங்க விதியில் இருந்தாலும் இல்லாட்டியும் நம் பள்ளி அணி 5 விநாடிக்கு மேல் யாரையும் அழுத்திப் பிடிக்காது, பந்து இல்லாத ரோபோவைத் தொடாது, எதிராளி ரோபோவில் புகையோ கருகின வாசனையோ வந்தா நாமே கையைத் தூக்கி ஆட்டத்தை நிறுத்தச் சொல்வோம் என்று எழுதுவோம். எண்ணுறதுக்கு ஓட்டுநர் பக்கத்தில் ஒருத்தர் நிக்கணும், ஏன்னா ரிமோட் கையில் இருக்கிறவனுக்கு 40 விநாடி 4 விநாடி மாதிரிதான் தெரியும். அனுபவத்தில் சொல்றேன். அந்த எண்ணுகிற வேலைக்குத் தங்கச்சியை முன்மொழியறேன். அவள் "அஞ்சு"ன்னு கத்தினா நான் கேட்டுத்தான் ஆகணும்.

இதனால் ஒரு ஆட்டம் தோத்தா? தோப்போம். முதல் ஆட்டத்தில் 4-0 தோத்துட்டும் புளிசாதம் இறங்கத்தான் செஞ்சது.

அந்தப் பள்ளிக்கு ஒரு கடிதமும், நம்ம ஆய்வகத்தில் மீதமிருந்த டிரைவர் போர்டு ஒன்றும் அறிவியல் டீச்சர் மூலமா அனுப்பியிருக்கேன். பதில் இன்னும் வரலை. வந்தா இதே சுவரில் ஒட்டறேன், எப்படி இருந்தாலும்.

வெள்ளிக்கிழமை மாலை 4.30-க்கு ஆய்வகத்தில் பயிற்சி. வாசலைக் காக்க நம்ம நத்தை நிக்கும். அதைத் தாண்டி கோல் போட முடியும்னு நினைக்கிற யாரும் வரலாம். சைக்கிள் ஸ்டாண்டு நண்பரே, உங்களுக்குத்தான் முதல் ரிமோட்!

இப்படிக்கு,
11ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு,
ரோபோ அணி (வாசல் காப்பவன்)